பச்சை மனிதன் யாருக்காகக் காத்திருக்கிறான்?

சாலைச் சந்திப்பில் பச்சை மனிதன் ஒளிர்கிறான். பள்ளி மாணவர்கள் சிலர் பேசிக்கொண்டே மறுபக்கம் சென்றுவிடுகின்றனர். கைத்தடி ஊன்றி நடக்கும் பாட்டி ஒருவர் பாதிச் சாலையைத்தான் கடந்திருக்கிறார். அதற்குள் பச்சை மனிதன் சிமிட்டத் தொடங்கிவிடுகிறான். பாட்டி தடுமாறுகிறார். இதைப் பார்க்கும் நாம், "பாட்டி மெதுவாக நடக்கிறார்" என்கிறோம். "விளக்கு விரைவாக மாறுகிறது" என்று ஏன் சொல்வதில்லை?

எல்லாரும் இயல்பு என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை நிறுத்திக் கேள்வி கேட்பதே தத்துவச் சிந்தனையின் தொடக்கம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த சாக்ரட்டீஸ் நூல் எதையும் எழுதவில்லை. தாம் சந்தித்தவர்களிடம் "வீரம் என்றால் என்ன? நீதி என்றால் என்ன?" என்று கேட்டார். நன்கு தெரியும் என்று நினைத்திருந்த சொற்களுக்கே விளக்கம் கூற இயலாமல் பலர் திகைத்தனர்.

ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்கும்போதும் இத்தகைய கேள்விகள் தேவைப்படுகின்றன. நிறுவனங்களில் இப்பணியை வழிநடத்துபவரைத் தயாரிப்பு மேலாளர் என்பர். ஒன்றை எப்படிச் செய்வது என்பதில் பொறியாளர்கள் வல்லவர்கள். அதை யாருக்காக, எதற்காகச் செய்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்துவது தயாரிப்பு மேலாளரின் பொறுப்பு.

போக்குவரத்து விளக்கும் மனிதர்கள் வடிவமைத்த ஒரு பொருள்தான். ஒரு சாலையின் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 1 மீட்டர் நடப்பவர் அதை 12 வினாடிகளில் கடந்துவிடுவார். அதில் பாதி வேகத்தில் நடப்பவருக்கு 24 வினாடிகள் வேண்டும். பச்சை விளக்குக்கு எத்தனை வினாடிகள் என்று முடிவு செய்யும்போதே, "சராசரி மனிதர் யார்?" என்ற கேள்விக்கும் நாம் விடையளித்துவிடுகிறோம்.

அப்படியானால், எப்போதும் எல்லாருக்கும் நேரத்தை நீட்டிவிடலாமே? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நடப்பவர்கள் விரைவாகக் கடந்த பிறகும் பேருந்துகள் வீணே நிற்கவேண்டியிருக்கும். அவற்றுள் ஒன்றில், மருத்துவமனைக்குச் செல்லும் இன்னொரு பாட்டி அமர்ந்திருக்கலாம் அல்லவா?

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2009ஆம் ஆண்டில் 'கிரீன் மேன் பிளஸ்' திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மூத்தோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் தட்டினால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதல் நேரம் கிடைக்கும். தேவைப்படும்போது மட்டுமே நேரம் நீள்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவைத் தருவது சமத்துவம். ஒவ்வொருவரும் பாதுகாப்பாக மறுபக்கம் சேரத் தேவையானதைத் தருவது நியாயம். இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அந்தச் சில வினாடிகள் நமக்கு உணர்த்துகின்றன.

நியாயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியை அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 'அறியாமைத் திரை' என்பது அதன் பெயர். நீங்கள் ஒரு சமூகத்திற்கு விதிகளை வகுக்கிறீர்கள். ஆனால், அச்சமூகத்தில் நீங்கள் இளைஞரா முதியவரா, செல்வரா ஏழையா என்பது உங்களுக்குத் தெரியாது. அந்நிலையில் எந்த விதியை ஏற்பீர்களோ அதுவே நியாயமான விதி என்பது அவர் கருத்து.

இச்சோதனை எப்போதும் எளிதான விடையைத் தருவதில்லை. சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. நடப்பவர்களுக்கு அது நிம்மதியைத் தந்தது. ஆனால், அவ்வாகனத்தை நம்பி உணவு விநியோகம் செய்துவந்தவர்களின் பிழைப்பு பாதிக்கப்பட்டது. அவர்கள் மாற்று வாகனத்திற்கு மாறிக்கொள்ள 7 மில்லியன் வெள்ளி உதவித்திட்டம் பின்னர் அறிவிக்கப்பட்டது. திரைக்குப் பின்னால் நின்று எண்ணிப் பாருங்கள். திரை விலகும்போது நீங்கள் நடைபாதையில் செல்லும் முதியவராக இருக்கலாம். குடும்பத்திற்காக உணவுப் பொட்டலங்களைச் சுமந்து செல்லும் ஓட்டுநராகவும் இருக்கலாம். ஒரு முடிவு சரியானதாகவே இருந்தாலும், அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.

நாளை உங்களுள் ஒருவர் கைப்பேசிச் செயலியை உருவாக்கலாம். மற்றொருவர் பேருந்து நிலையத்தை வடிவமைக்கலாம். "இது வேலை செய்யுமா?" என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். "இது யாரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது? யாரை மறந்துவிட்டது?" என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை சாலையைக் கடக்கும்போது சுற்றிலும் பாருங்கள். சலுகை அட்டை வைத்திருக்கும் பாட்டிக்கு இப்போது கூடுதல் நேரம் கிடைக்கிறது. காலில் கட்டுப் போட்டு நடக்கும் உங்கள் வகுப்புத் தோழனிடம் அந்த அட்டை இல்லை. அவனுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?