திருடனுக்குப் போட்ட பூட்டு: வீட்டுக்கும் கடைக்கும் அபாய மணி பொருத்துவோர் கவனத்திற்கு

வியாபாரிகளாகிய நாம் இலாபத்தைக் கூட்டுவது பற்றி நிறையப் பேசுகின்றோம். தேடிய முதலைப் பாதுகாப்பது பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றோம். கடைக்குக் கண்ணாடி அலுமாரி அடிக்க இலட்சக் கணக்கில் செலவு செய்யத் தயங்காதவர், கூரையில் புகை உணரி ஒன்று பொருத்துவதென்றால் "பிறகு பார்ப்போம்" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் நேர்ந்ததையும், அதன் பின்னர் கற்றுக் கொண்டதையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கின்றேன்.

எங்கள் குடும்பம் மலைநாட்டுச் சிறு நகரமொன்றில் புடவை வியாபாரம் செய்கின்றது. கீழே கடை, அதன் பின்னால் களஞ்சிய அறை, மேல் மாடியில் வீடு. நமது கடைத்தெருக்களில் பல கட்டிடங்கள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன்னர் பக்கத்துக் கடையின் ஓட்டைப் பிரித்துத் திருடன் இறங்கினான். மறுவாரமே நான் திருட்டு மணி ஒன்றைப் பொருத்தினேன். ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கிறில் அடித்தேன். பின்படிக்கட்டின் கிறில் கதவுக்குப் பெரிய ஆமைப்பூட்டு ஒன்றைப் போட்டு, திறப்பை எனது சேர்ட் பையில் வைத்துக் கொண்டேன்.

பொருத்த வந்தவர்கள் ஒரு பின்னேரத்தில் வேலையை முடித்து விட்டுப் போனார்கள். முதல் மாதத்தில் மாத்திரம் நான்கு முறை நடுச்சாமத்தில் மணி அடித்தது. ஒவ்வொரு முறையும் திருடன் இல்லை, பல்லிதான். முதல் நாள் அயலவர்கள் தடியோடு ஓடி வந்தார்கள். நான்காம் நாள் ஒருவரும் வரவில்லை. "ஹாஜியார், ஒங்கட பெல்லு அடிச்சா நாங்க மத்தப் பக்கம் பொரண்டு படுக்கிற" என்று எதிர்க்கடைக்காரர் சிரித்துக் கொண்டே சொன்னார். வெட்கத்தில் அதன் பின்னர் இரவில் மணியை நிறுத்தி விட்டே தூங்கினேன்.

ஓர் இரவு இரண்டு மணியளவில் தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்த உம்மா, துணி கருகும் வாடையை உணர்ந்து எங்களை எழுப்பினார். அதற்குள் உள்படிக்கட்டு முழுவதும் புகை. அந்த வழியால் இறங்க முடியாது. பின்படிக்கட்டில் பூட்டு. திறப்பு சேர்ட் பையில், சேர்ட்டோ கழுவப் போட்ட உடுப்புக் கூடையில். பிள்ளைகள் இருமிக் கொண்டு நிற்க, இருட்டில் அந்தக் கூடையைத் தேடிக் கிளறிய ஐந்தாறு நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் வெளியே வந்தோம். பக்கத்து நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும் போது களஞ்சிய அறை முற்றாக எரிந்திருந்தது. பெருநாளைக்கென்று இறக்கிய சரக்கும், கடன் கொப்பியும் அதனோடு போயின.

தீ எங்கே தொடங்கியது தெரியுமா? திருடனைப் பிடிக்கவென்று பொருத்திய கமராவின் பதிவுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த பல்முனை பிளக்கில். பிடி தளர்ந்திருந்த அந்த பிளக் நாளாந்தம் சூடாகி, பக்கத்தில் அடுக்கியிருந்த துணிப் பெட்டியைப் பற்ற வைத்திருந்தது. "வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்ததே" என்று நான் கேட்டேன். வயரிங் பாஸ் விளக்கினார்: ட்ரிப் சுவிட்ச் பிடிப்பது மின் ஒழுக்கை. அதிக சுமையையும் குறுஞ்சுற்றையும் பிடிப்பது அதன் பக்கத்திலுள்ள சிறு பிரேக்கர்கள். தளர்ந்த இணைப்பு ஒன்று மெல்லச் சூடாவதை இரண்டுமே அறியாது. அதை முதலில் அறிவது புகை உணரி மாத்திரமே. அதுதான் எங்களிடம் இருக்கவில்லை.

முதலில் வெளியேறும் வழி

திருடன் உள்ளே வராதிருக்க நாம் செய்யும் ஒவ்வொன்றும், தீயின் போது நாம் வெளியே போவதைத் தடுக்கின்றது. எனவே கருவிகளை விலை பேசுவதற்கு முன்னர் வீட்டின் படமொன்றைத் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகளைக் குறியுங்கள். இரண்டாவது வழி ஜன்னலாக இருந்தால், அதன் கிறிலில் உள்ளிருந்து திறக்கக் கூடிய ஒரு பகுதி வேண்டும். பின்கதவுக்கு உட்புறமாகத் திறப்பின்றித் திருகித் திறக்கும் பூட்டைப் போடலாம். ஆமைப்பூட்டுத்தான் என்றால், திறப்பு கதவுக்கு அருகில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆணியொன்றில் எப்போதும் தொங்க வேண்டும். அது எங்கே இருக்கின்றது என்பது வீட்டின் சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டி யட்டிநுவர வீதியில் மாடிக் கட்டிடமொன்று தீப்பற்றிய போது, மேலே சிக்கிய குடும்பமொன்றின் பிள்ளைகளைக் கீழே நின்ற மக்கள் கைகளில் ஏந்திக் காப்பாற்றியது பலருக்கு நினைவிருக்கும். எல்லா வீதிகளிலும் எல்லா நேரத்திலும் அப்படி மக்கள் நிற்க மாட்டார்கள்.

புகை உணரியை எங்கே பொருத்துவது?

தீ விபத்துக்களில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பல்ல, புகைதான். தூங்குபவரை வாடை எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயுள்ள நடையிலும், ஒவ்வொரு மாடியிலும் ஓர் உணரி இருப்பது நல்லது. கீழே கடை வைத்திருப்பவர்கள் களஞ்சிய அறையிலும் படிக்கட்டின் தலைப்பிலும் கட்டாயம் பொருத்த வேண்டும். புகை மேலேறும் புகைபோக்கியே படிக்கட்டுத்தான்.

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று அயனாக்க முறையில் இயங்குவது. அது சுவாலை விட்டு விரைவாக எரியும் தீயைச் சீக்கிரம் அறியும். மற்றையது ஒளியைக் கொண்டு புகையை அறிவது. துணி, மெத்தை, வயர் உறை போன்றவை புகைந்து கருகுவதை இதுவே முந்தி அறியும். புடவைக் கடைக்கும் படுக்கையறைக்கும் நான் இரண்டாவது வகையையே தெரிவு செய்தேன்.

உணரியைக் கூரையின் நடுப்பகுதியில், சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பொருத்த வேண்டும். மின்விசிறிக்கும் குளிரூட்டியின் காற்று வாய்க்கும் அருகில் பொருத்தக் கூடாது. அந்தக் காற்று புகையை உணரியை அண்ட விடாது. ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும் விதமாக அவற்றை இணைத்துக் கொள்வது முக்கியம். கீழே களஞ்சியத்தில் அடிக்கும் மணி, கதவை மூடிக் கொண்டு மேலே தூங்குபவருக்குக் கேட்காது.

சமையலறையில் புகை உணரி வைத்தால் மீன் பொரிக்கும் போதெல்லாம் அடிக்கும். அங்கு வெப்ப உணரியே பொருத்தமானது. சமையல் எரிவாயுவுக்கு வேறு உணரி வேண்டும். நாம் பாவிக்கும் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படரும். எனவே அந்த உணரியைக் கூரையிலன்றி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பொருத்த வேண்டும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் சமையலறைகளில் அடுத்தடுத்து நடந்த எரிவாயு வெடிப்புகளுக்குப் பின்னர் இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

திருட்டு மணி ஏன் வீணாக அடிக்கின்றது?

கதவுக்குப் பொருத்துவது காந்த உணரி. ஒரு துண்டு நிலையில், மறு துண்டு கதவில். இரண்டும் விலகினால் மணி அடிக்கும். மழைக் காலத்தில் பலகைக் கதவு ஊதி, இடைவெளி கூடினாலும் அடிக்கும். கடை ஷட்டருக்கு வீட்டுக் கதவின் சிறிய உணரி சரிவராது. காற்றுக்கு ஷட்டர் ஆடும். அதற்கென்றுள்ள பெரிய உணரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

அறைக்குள் நடமாட்டத்தை அறிவது உடற்சூட்டு உணரி. மனித உடலின் வெப்பம் அசைவதை அது அறிகின்றது. தன்னை நோக்கி வருபவரை விடத் தனக்குக் குறுக்காக நடப்பவரை நன்றாக அறியும். ஏழெட்டு அடி உயரத்தில், அறை மூலையில் பொருத்துவது வழக்கம். வெயில் விழும் ஜன்னலையோ குளிரூட்டியையோ அது பார்த்திருக்கக் கூடாது. பல்லி தூரத்தில் ஓடினால் அதற்குப் பொருட்டில்லை. உணரியின் முகத்திலேயே ஊர்ந்தால் ஆள் வந்ததாக எண்ணிக் கொள்ளும். எனது நான்கு இரவுகளின் கதையும் இதுதான். உணரிக்குப் பக்கத்தில் இரவு விளக்கு இருந்தது. விளக்குக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பல்லி வந்தது. விளக்கை மாற்றி, உணரிக்குப் பின்னால் வயர் வரும் துளையை அடைத்த பின்னர் அது ஒரு முறையும் வீணாக அடிக்கவில்லை. வீணாக அடிக்கும் மணியை நிறுத்தி வைப்பது தீர்வல்ல. காரணத்தைக் கண்டு திருத்துவதே தீர்வு.

பெட்டியும் பற்றரியும்

உணரிகள் எல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தெரு வாசலில் தெரியும்படி வைக்காதீர்கள். அதற்குள் மின்வெட்டு நேரத்துக்கென 12 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கும். மூன்று முதல் ஐந்து வருடங்களில் அதன் ஆயுள் முடிந்து விடும். பொருத்திய திகதியைப் பற்றரியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியில் தீ உணரிகளுக்கான பகுதி இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கும் விதமாக அமைக்கப்பட வேண்டும். திருட்டு மணியைப் பகலில் நிறுத்தினாலும் தீ மணி நிற்கக் கூடாது. பொருத்துபவரிடம் இதை வாய்ச்சொல்லாகக் கேட்டு விடாமல், திருட்டு மணியை நிறுத்தி விட்டு, புகை உணரியைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அபாயத்தின் போது தொலைபேசிக்கு அழைப்பு எடுக்கும் பெட்டிகளில் ஸிம் அட்டை ஒன்று இருக்கும். ரீலோட் செய்யாமல் மாதக் கணக்கில் விட்டால் அது செயலிழந்து போகும். எனது பெட்டியின் ஸிம் எப்போது இறந்தது என்று எனக்கே தெரியாது.

நமது நாட்டில் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கடுமையாக இருக்கும். நல்ல புவித்தொடுப்பும், மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியும் இல்லாவிட்டால் ஒரே மின்னலில் முழுத் தொகுதியும் கருகி விடலாம். வீடு கட்டிக் கொண்டிருப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன்னரே இதற்கான குழாய்களைப் புதைத்துக் கொண்டால் செலவு பெரிதும் குறையும்.

விலை பேசும் போது

மூன்று இடங்களில் விலை கேளுங்கள். மொத்தத் தொகையை மாத்திரம் ஒப்பிடாதீர்கள். எத்தனை உணரிகள், என்ன வகை, வயர் எவ்வளவு, பற்றரி சேர்த்தா, உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதென்றால் எத்தனை நாளில் வருவார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காமல், ஒரு பகுதியை ஒரு மாதம் சோதித்துப் பார்த்த பின்னர் கொடுப்பதாக முன்கூட்டியே உடன்படுங்கள். நான் ஒரே நாளில் முழுத் தொகையையும் கொடுத்தேன். அதன் பின்னர் பல்லி விடயத்துக்கு மூன்று முறை அழைத்தும் ஆள் வரவில்லை.

காப்புறுதி எடுத்திருப்பவர்கள் பத்திரத்தின் நிபந்தனைகளை ஒரு முறை முழுமையாக வாசியுங்கள். மணி பொருத்தியிருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தால், அது இயங்கும் நிலையில் இருந்ததா என்ற கேள்வி பின்னர் எழக் கூடும். சரக்குக் கணக்கினதும் கடன் கொப்பியினதும் பிரதி ஒன்று வேறொரு கட்டிடத்தில் இருக்க வேண்டும். எங்கள் கொப்பி எரிந்த செய்தி கேட்டுப் பலர் தாமாகவே வந்து, தாம் தர வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் வரவில்லை. வராதவர்கள் யார் என்று எழுதி வைக்க என்னிடம் கொப்பியும் இல்லை.

மாதத்தில் ஒரு நாள்

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை காலையில் பின்வருவனவற்றைச் செய்கின்றோம்.

1. ஒவ்வொரு புகை உணரியினதும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்போம். பத்து வருடம் கடந்த உணரியை, அடித்தாலும் மாற்றி விட வேண்டும்.

2. பிரதான மின்சாரத்தை நிறுத்தி, பெட்டி பற்றரியில் இயங்குகின்றதா என்று பார்ப்போம்.

3. ஸிம் அட்டைக்கு ரீலோட் செய்து, அழைப்பு வருகின்றதா என்று பார்ப்போம்.

4. பல்முனை பிளக்குகளைத் தொட்டுப் பார்ப்போம். சூடாக இருப்பது அன்றே குப்பைக்குப் போகும்.

5. பிள்ளைகள் கண்ணை மூடிக் கொண்டு, சுவரைத் தடவிப் பின்படிக்கட்டு வரை போய்க் கதவைத் திறப்பார்கள்.

தீயணைப்புச் சேவையின் 110, பொலிஸ் அவசர அழைப்பின் 119 ஆகிய இலக்கங்களைப் பெரிய எழுத்தில் கதவருகே ஒட்டியிருக்கின்றோம். ஆனால் வெளியே வந்த பின்னரே அழைக்க வேண்டும்.

ஐந்தாவது சோதனையில் உம்மாவும் பங்கெடுப்பார். முதல் மாதம் கதவைத் திறக்க அவருக்கு நான்கு நிமிடங்கள் சென்றன. கடந்த மாதம் ஒரு நிமிடம் கூடச் செல்லவில்லை. "திறப்பு ஆணியிலதான் ஈக்கிது மகன்" என்று வெளியிலிருந்து சத்தமிட்டார். இதை வாசித்து முடித்ததும் நீங்களும் எழுந்து, உங்கள் பின்கதவின் திறப்பு எங்கே இருக்கின்றது என்று ஒரு முறை பார்த்துக் கொள்ளுங்கள்.