ஆழ்குழாய் மோட்டாருக்கு ஆம்பியர் மீட்டரே காவல்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் கோடையில் சட்டென்று இறங்கிவிடும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள தண்ணீரே. அது இன்றி ஓடினால் புஷ் தேய்ந்து காயில் கருகும்.

நீர் நன்றாகக் கிடைக்கும் நாளில் ஆம்பியர் மீட்டர் காட்டும் அளவை ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே எழுதி வைத்தல் நலம். முள் அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் நீர் வற்றியதாகக் கொண்டு உடனே நிறுத்த வேண்டும். மேலே ஏறினால் மின்னழுத்தக் குறைவோ, மணல் அடைப்போ, ஒரு பேஸ் இல்லாமையோ காரணமாகலாம். அப்போது ரிலேயைக் கூட்டி வைத்து ஓட்டுவது மோட்டாரை எரிக்கவே வழி.

நிறுத்தியவுடன் மீண்டும் போடலாகாது. குழாயில் நிற்கும் நீர் கீழிறங்கி அடங்கச் சில நிமிடங்கள் ஆகும்.

பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ சுவிட்ச் பொருத்தியவர்கள் இதை மறக்கவே கூடாது. மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும்.