மூச்சைக் கேட்டு அணைக்கும் சட்டை

மனம் படபடக்கும்போது தானே காற்று நிரம்பித் தோளை இதமாக அழுத்தும் சட்டை செய்ய ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் முதலில் சென்சார் வாங்கக் கிளம்புகிறார்கள். இஸ்திரிப்பெட்டியிலிருந்து தொடங்குங்கள். காற்றுப் பை கசிந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

டிபியு என்ற, சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் பூச்சுள்ள நைலான் துணி வேண்டும். பூச்சுப் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, மேலே பேக்கிங் பேப்பர் விரித்து, நீராவி இல்லாமல் அழுத்தித் தேய்த்தால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடு எவ்வளவு என்பதைத் துண்டுத் துணியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பட்டை 1 செ.மீ.யாவது இருக்கட்டும்; மூலைகளை வளைவாக வெட்டுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் பிரியும். நன்றாக ஆறியபின் ஊதி, வாளித் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தைக் குமிழி காட்டிக்கொடுக்கும்.

தட்டையாக 10 செ.மீ. அகலமுள்ள குழாய் வடிவப் பை ஊதி உருண்டதும் குறுக்களவு சுமார் 6.4 செ.மீ.தான். நாலைந்து குழாய்களை வரிசையாக இணைத்து ஊதினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலம் சுருங்கிவிடும். அணைப்பைத் தருவது இந்தச் சுருக்கமே. நெஞ்சைச் சுற்றி முழு வளையமாக வந்தால் அதுவே மூச்சைப் பிடிக்கும். ஆகவே பைகளைத் தோளிலும் மேல்முதுகிலும் வையுங்கள். விலாவில் எலாஸ்டிக் துணி கொடுங்கள். பைக்கு வெளியே இழுபடாத துணி போட்டால்தான் அழுத்தம் உடம்பின் பக்கம் திரும்பும்.

இனி சென்சார். விரலில் மாட்டித் தோலின் மின்கடத்தலை அளப்பது பிரபலமான வழி. ஆனால் பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் அந்த அளவு ஒரே மாதிரிதான் ஏறும். வெயிலில் வியர்த்தாலும் ஏறும். நான் மூச்சைத்தான் நம்புவேன். இழுத்தால் மின்தடை மாறும் ரப்பர் கயிற்றை வயிற்றில் கட்டுங்கள். போட்டுக்கொள்பவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது சில நிமிடம் பதிந்து, அதை அவருடைய அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கயிறு பைக்கு அருகில் இருக்கக் கூடாது. இருந்தால் பை ஊதுவதையே படபடப்பு என்று எண்ணி, மூச்சைக் கவனித்துப் பம்பை இயக்கும் ஆர்டுயினோ பலகை இன்னும் காற்றை அடைத்துக்கொண்டே போகும்.

ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாடுகளைப் பிடித்துவைக்கும் கூண்டைப் பார்த்துத் தமக்கென்று ஓர் அழுத்தப் பெட்டி செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிக்கும் லீவர் அவர் கையிலேயே இருந்தது. உங்கள் சட்டையிலும் அந்தக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். காலரருகே கையால் திறக்கும் வால்வு ஒன்று வையுங்கள். மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வும் மின்சாரம் நின்றால் தானே திறந்து காற்றை வெளியேற்றும் வகையாக இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாமல் யாருக்கும், குறிப்பாகக் குழந்தைக்கு, மாட்டிவிடாதீர்கள்.

சட்டென்று ஊதினால் உடம்பு திடுக்கிடும். 5 வினாடி நிரப்பி, 5 வினாடி இறக்குங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற நிதான வேகம் அது. பம்பின் இரைச்சலே பதற்றத்தைக் கூட்டும் என்பதால், அதை ஃபோம் சுற்றி இடுப்புப் பையில் வைத்து, காற்று செல்லும் குழாயை மட்டும் தோளுக்குக் கொண்டுபோங்கள்.