சேறு கழுவ வாங்கிய திரவம் சைக்கிளைக் கெடுத்தால்

கேள்வி: பலாபத்வலயைச் சேர்ந்த வாசகர் ஒருவர், மழை நாளொன்றில் ரிவஸ்டன் பக்கம் ஓட்டிச் சென்று, சில்லு முதல் இருக்கை வரை சேறு அப்பிய நிலையில் கொண்டுவந்த தமது மலைச் சைக்கிளைக் கழுவ விரும்பியுள்ளார். சைக்கிளுக்கென்றே விற்கப்படும் இறக்குமதிப் போத்தல் கட்டுப்படியாகாததால் ஹாட்வெயார் கடையொன்றில், ‘அலுமினிய சைக்கிள், சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் போக மலிவாக ஏதாவது தாருங்கள்’ என்று கேட்டுள்ளார். கடைக்காரர் பெரிய கேன் ஒன்றிலிருந்து பழைய தண்ணீர்ப் போத்தலில் திரவமொன்றை ஊற்றிக் கொடுத்துள்ளார்; போத்தலில் லேபல் எதுவும் இல்லை. இரண்டாம் தடவை கழுவியபோது பெயின்ற் மங்கி, அது உரிந்திருந்த இடங்களில் அலுமினியம் திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. முறையிடச் சென்றவருக்கு, ‘விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது’ என்ற பலகை சுட்டிக்காட்டப்பட்டது. அவருக்கு நட்டஈடு கோரும் உரிமை உண்டா, இனி மலிவாக எதை வாங்குவது, கழுவிய நீரை வீட்டின் முன்னுள்ள வடிகானில் விடுவது குற்றமா என்பன அவரது வினாக்கள்.

பதில்: முதலாவது வினாவின் விடை, திரவத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அதை வாங்கும்போது கடை மேசைக்கு முன்னால் என்ன பேசப்பட்டது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இலங்கையில் அசையும் பொருள்களின் விற்பனையை இன்றும் ஆளுவது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். பிரித்தானியப் பாராளுமன்றத்தின் 1893ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தைப் பெருமளவு அடியொற்றி எழுதப்பட்ட இக்கட்டளைச் சட்டம், தான் பேசாத இடங்களில் ஆங்கிலச் சட்டத்தின் விதிகளையே பொருத்துமாறு கூறுவதால், நாட்டின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமாக இருந்தும், ஒரு போத்தல் அழுக்ககற்றி பற்றிய வழக்கில் ஆங்கிலத் தீர்ப்புகளைத் தேடிப்போக வேண்டியுள்ளது.

இக்கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொருளின் தரத்துக்கோ பொருத்தத்துக்கோ விற்பவர் பொதுவாகப் பொறுப்பாளி அல்லர், வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து தொடங்கி, அதற்குச் சில விலக்குகளைத் தருகிறது. பொருள் எந்த நோக்கத்துக்குத் தேவை என்பதை வாங்குபவர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விற்பவருக்குத் தெரிவித்து, விற்பவரின் அறிவிலும் தேர்விலும் நம்பிக்கை வைத்து வாங்கியிருந்து, அத்தகைய பொருளை விற்பது அவரது வழக்கமான வியாபாரமாகவும் இருந்தால், அப்பொருள் அந்நோக்கத்துக்கு நியாயமான அளவில் பொருந்த வேண்டும் என்பது உட்கிடையான நிபந்தனையாகிறது. உட்கிடையான நிபந்தனை என்பது, இருவரும் வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதாகவே சட்டம் கருதும் கடப்பாடாகும். ஆனால், ஆக்கவுரிமைப் பெயராலோ வேறு வியாபாரப் பெயராலோ குறித்த பொருளொன்று கேட்டு வாங்கப்பட்டால், பொருத்தம் பற்றிய இந்நிபந்தனை எழாது என்றொரு காப்புவாசகமும் அதே பிரிவில் உண்டு. ‘இன்ன மார்க் போத்தல் ஒன்று தாருங்கள்’ என்று கேட்டவர் தமது தெரிவைத் தாமே செய்துகொண்டவராகிறார். ‘அலுமினிய சைக்கிள் கழுவ ஏதாவது தாருங்கள்’ என்று கேட்டவரோ தெரிவின் பொறுப்பை விற்பவரிடம் ஒப்படைக்கிறார். விளம்பரம் பார்த்துப் பெயர் சொல்லி வாங்குபவரே விபரம் தெரிந்த நுகர்வோர் என்று கடைத்தெருவில் கருதப்படுகிறது. 15ஆம் பிரிவோ, பெயர் தெரியாமல் தேவையைச் சொன்னவருக்கே கூடுதல் காப்பை அளித்துவைத்திருக்கிறது. இங்கிலாந்து இக்காப்புவாசகத்தை 1973இல் நீக்கிவிட்டபோதிலும், இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் அது இன்னும் நிற்பதால், தமிழ்நாட்டில் வாங்கும் வாசகருக்கும் இவ்வேறுபாடு பயன்படும்.

காப்புவாசகத்தின் எல்லையை இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த போல்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கு தெளிவாக்கியது. சுற்றுப்பயணத்துக்கு ஏற்ற, சொகுசான கார் ஒன்று வேண்டும் என்று கேட்டவருக்கு, புகாட்டி கார் அதற்குப் பொருந்தும் என்று வியாபாரிகள் பரிந்துரைத்து விற்றனர். கார் அந்நோக்கத்துக்குப் பொருந்தவில்லை. ஒப்பந்தத்தில் புகாட்டி என்ற பெயர் இருந்தது உண்மையே எனினும், வாங்கியவர் பெயரை நம்பி அன்றி விற்றவரின் பரிந்துரையை நம்பியே வாங்கினார் என்பதால் காப்புவாசகம் பொருந்தாது எனத் தீர்க்கப்பட்டது. பலாபத்வல வாசகரின் நிலை இதனிலும் வலுவானது. அவரது போத்தலில் நம்புவதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

விற்பவரின் திறனில் நம்பிக்கை வைத்ததை வாங்குபவர் எவ்வாறு நிரூபிப்பது என்ற ஐயத்துக்கு, அந்நாளில் இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக விளங்கிய பிரிவி கவுன்சில் 1935இல் அவுஸ்திரேலிய வழக்கொன்றில் விடை கூறியுள்ளது. கம்பளி உள்ளாடையில் தங்கிவிட்ட சல்பைட் இரசாயனத்தால் கடுமையான தோல்நோய்க்கு ஆளான கிராண்ட் என்ற மருத்துவர் தொடுத்த அவ்வழக்கில், கடைக்காரர் தமது சரக்கை அறிந்தே தேர்ந்து வைத்திருப்பார் என்ற எண்ணத்துடன் ஒருவர் கடைக்குச் செல்வதிலிருந்தே பொதுவாக அந்நம்பிக்கையை ஊகிக்கலாம் என்று கருதப்பட்டது.

அடுத்து, சுவரிலுள்ள பலகை. விற்பவர் பலகை மாட்டியதால் மட்டும் உட்கிடையான நிபந்தனை மறைந்துவிடாது. மீளப்பெறப்படமாட்டாது என்ற வாசகம், வாங்கியவர் மனம் மாறிக் கொண்டுவரும் நல்ல பொருளைக் குறிப்பதாகக் கொள்ளலாமே தவிர, பொருந்தாத பொருளால் விளைந்த நட்டத்தையும் துடைத்துவிடுவதாகக் கொள்ள முடியாது. நுகர்வோராக வாங்குபவருக்கு எதிராக இவ்வகை விலக்கு வாசகங்களைப் பயன்படுத்துவதை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. உண்மையில், வாசகருக்குத் திரவத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேவையே இல்லை. அவர் அதைப் பயன்படுத்திவிட்டார். பொருளை ஏற்றுக்கொண்ட பின் நிபந்தனை மீறலானது உத்தரவாத மீறலாகக் கணிக்கப்படும். அதாவது ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை போய், மீறலிலிருந்து இயல்பாகவும் நேரடியாகவும் விளைந்த நட்டத்தைக் கோரும் உரிமை எஞ்சும். ஆகவே கோரப்பட வேண்டியது போத்தலின் சொற்ப விலையன்று, பிரேமைச் சீர்செய்து மீண்டும் பெயின்ற் பூசுவதற்கான செலவாகும்.

இனி, அந்நட்டம் திரவத்தால்தான் விளைந்தது என்பதைக் காட்ட வேண்டும். திரவமொன்றின் அமில, கார இயல்பை அளக்கும் பீ.எச். அளவுகோலில் 7 நடுநிலையாகும். அதற்குக் கீழே அமிலமும் மேலே காரமும் வலுக்கும். அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பது அதன்மேல் தானாகவே படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம். வலுவான அமிலம், வலுவான காரம் ஆகிய இரண்டும் அப்படலத்தைக் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றும் மலிவான தொழிற்கூடத் திரவங்கள் பலவற்றில் கோஸ்டிக் சோடா என்ற வலுவான காரம் சேர்க்கப்படுகிறது. சலவைச் சோடாவில் ஊறவைத்த அலுமினியச் சட்டி கறுத்துப்போவதைக் கண்டவர்களுக்கு, சைக்கிளில் நடந்தது புதிதாகத் தோன்றாது. எஞ்சிய திரவத்தில் சிவப்பு லிட்மஸ் தாளைத் தோய்த்து அது நீலமாக மாறினால் காரம் என்று அறியலாம். சிறு துண்டு அலுமினியத் தாளைப் போட்டுக் குமிழி எழுகிறதா என்றும் பார்க்கலாம். வீட்டில் செய்யும் இச்சோதனை ஆய்வுகூட அறிக்கைக்கு ஈடாகாது என்பதால், திரவத்தில் ஒரு பங்கையேனும் தொடாமல் மூடி வைத்திருப்பது அவசியம்.

எச்சரிக்கை அச்சிடப்படாமை தனியே ஒரு குறையாகும். நீருடன் கடுமையாகத் தாக்கமுறும் இரசாயனமொன்றை, அந்த ஆபத்தை லேபலில் சொல்லாமல் விற்றதால் ஏற்பட்ட உயிர்ச்சேதமும் கட்டடச் சேதமும் பற்றிய வக்வெல் எஞ்சினியரிங் வழக்கில், விற்றவர்களே பொறுப்பாளிகள் என இங்கிலாந்து நீதிமன்றம் கண்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, லேபல், விலைக்குறி, பொதியிடல் என்பன குறித்து உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்க அதிகார சபைக்குத் தத்துவமளிக்கிறது. வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையில் ஈடுபடுவதை 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஒரு வேலைக்கு ஆகாத திரவத்தை, அதற்கு ஆகும் என்று சொல்லி விற்பது இத்தடைக்குள் வரக்கூடியதே. சைக்கிளைத் தாமே கழுவாமல் சேவிஸ் நிலையமொன்றில் கொடுத்துக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு 32ஆம் பிரிவு துணைநிற்கும். சேவை உரிய கவனத்துடனும் திறனுடனும் வழங்கப்படும், அதில் பயன்படுத்தும் பொருளும் நோக்கத்துக்குப் பொருந்தும் என்ற உட்கிடையான உத்தரவாதத்தை அது விதிக்கிறது.

செலவு குறைந்த பரிகாரமும் இச்சட்டத்திலேயே உண்டு. 13ஆம் பிரிவின் கீழ் அதிகார சபை முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு செலுத்துமாறோ பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ பணத்தைத் திருப்புமாறோ கட்டளையிடலாம். இது பலிக்காவிட்டால் எஞ்சுவது குடியியல் வழக்கு. ஆனால் இத்தகைய சிறுதொகைப் பிணக்கை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலில் கொண்டு சென்று, அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்ற பின்னரே நீதிமன்றத்தை நாட முடியும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்குக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது.

இரண்டாம் வினாவுக்கு வந்தால், மலிவான பொருளைத் தேடுவதில் சட்டத்துக்கோ சைக்கிளுக்கோ முரணானது எதுவுமில்லை. காய்ந்த சேற்றைத் தண்ணீரில் நனைத்து, ஊறவைத்து, மென்மையான பிரஷால் தள்ளிவிட்டால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். எஞ்சுவதற்கு ஒரு வாளி நீரில் ஓரிரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவமோ வாகன ஷம்புவோ கலந்தால் போதும். பின்னர் நல்ல நீரால் அலசித் துடைத்துவிட வேண்டும். சலவைத்தூள், மலசலகூடம் கழுவும் அமிலம், குளோரின் வெளுப்பான் ஆகியவை இதற்கு ஏற்றவையல்ல. செயினின் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி உதவும். டிஸ்க் பிரேக்கில் அது படவே கூடாது. போத்தலின் விலையைப் பாராமல், எத்தனை வாளிக்கு வரும் என்று கணக்கிட்டால், லேபலுள்ள சாதாரண உள்ளூர்ப் போத்தல் ஊற்றிக் கொடுக்கும் திரவத்தைவிட அதிக செலவாவதில்லை. வாங்கும்போது பற்றுச்சீட்டில் ‘அலுமினிய சைக்கிள் கழுவுவதற்கு’ என்று ஒரு வரி எழுதித் தருமாறு கேட்பது, இதுவரை கூறிய நிபந்தனைகள் அனைத்துக்கும் சாட்சியாகும். எழுதித் தர மறுத்தால், வாட்ஸ்அப்பில் கேட்டுப் பெற்ற பதிலும் உதவும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய பதிவை ஏற்கிறது. ஒரு வரி எழுதத் தயங்கும் கடைக்காரருக்குத் தமது கேனில் இருப்பது என்னவென்று தெரியாது என்றே கொள்ளலாம்.

மூன்றாவது வினாவுக்குச் சுருக்கமான விடை போதும். வீட்டு முற்றத்தில் சொந்தச் சைக்கிளைக் கழுவ எந்த உத்தரவுப்பத்திரமும் தேவையில்லை. ஆனால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடைசெய்கிறது. பொது ஊற்றின் நீரைக் கெடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றமாகும். பலாபத்வல அடங்கும் மாத்தளைப் பகுதியின் நீர் சுது கங்கை வழியாக அம்பன் கங்கையையும் பின்னர் மகாவலியையும் அடைகிறது. எனவே கோஸ்டிக் கலந்த நீரை வடிகானுக்கோ ஓடைக்கோ விடாமலும், பொதுப்பீலியடியில் சைக்கிளைக் கழுவாமலும், சாதாரணக் கழுவுநீரை மண்ணில் ஊறவிடுவதே உகந்தது.

வாசகர் காலந்தாழ்த்தக் கூடாத காரியம் ஒன்று உண்டு. 13ஆம் பிரிவின் கீழான முறைப்பாடு எழுத்தில், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபையை அடைய வேண்டும். அக்கெடு பிரேம் கறுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. எவ்வாறு அனுப்புவது என்பதை 1977 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.