பருத்தியில் நுனி கிள்ளுதல்

பருத்திச் செடி ஓங்கி வளர்வதால் மட்டும் காய் பெருகிவிடாது.

நுனிக் குருத்தில் உயிரணுக்கள் இடைவிடாது பிரிகின்றன. அங்கு உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் வழியே கீழிறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் ஆக்சின் குறைகிறது. சர்க்கரைச் சத்தும் சைட்டோகைனின் ஊக்கியும் பக்க மொட்டுகளை எட்ட, அவற்றின் உயிரணுக்கள் பிரியத் தொடங்குகின்றன. உயரத்துக்குச் செலவாகும் சத்து கிளைக்கும் காய்க்கும் திரும்புகிறது.

இரகங்களில் விதைத்த 70-80 நாட்களில் 15ஆம் கணுவுக்கு மேலும், வீரிய ஒட்டு இரகங்களில் 85-90 நாட்களில் 20ஆம் கணுவுக்கு மேலும் நுனியைக் கிள்ளுங்கள். முந்திக் கிள்ளினால் கணுக்கள் குறையும், காய்க்கிளைகளும் குறையும்.

கிள்ளிய நுனிகளில் காய்ப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். வயலில் போடாமல் சேகரித்து அழித்துவிடுங்கள்.