மூன்றெழுத்து, முகங்கள் பல

சுருக்கமும் தெளிவும் நல்ல எழுத்தின் இரு கண்கள். ஒன்றைப் பேணப் போய் மற்றொன்றை இழக்கலாமா? தோழியரே, சற்றுச் சிந்திப்போம்.

வேலூர் லாங் பஜாரில் யாரிடமும் “சி.எம்.சி.க்கு எப்படிப் போவது?” என்று கேட்டுப் பாருங்கள். மறுகேள்வி இல்லாமல் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி காட்டுவார்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய பணி அது. 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தது.

வேலூரைத் தாண்டினாலோ கதை வேறு. கோயம்புத்தூரில் 1966-இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரியும் சி.எம்.சி.தான். பஞ்சாபின் லூதியானாவிலும் ஒரு கிறித்துவ மருத்துவக் கல்லூரி உண்டு. டாக்டர் எடித் பிரவுன் அம்மையார் 1894-இல் தொடங்கிய அதற்குச் சுருக்கம் மட்டுமன்று, விரிவும் ஒன்றே!

கேரளத்தில் ஓர் அருட்சகோதரியின் பெயருக்குப் பின் சி.எம்.சி. என்றிருந்தால், அவர் 1866-இல் கூனம்மாவில் பிறந்த கார்மேல் அன்னை சபையினர். 2014-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற எவுப்ராசியா அம்மையார் அச்சபையின் மலரே. இரயில் முன்பதிவைக் கணிப்பொறியில் நடத்த வழிசெய்த சி.எம்.சி., 1975-இல் மத்திய அரசு நிறுவியது. 2015-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸுடன் இணைந்துவிட்டது. கண் வறட்சிக்கான சொட்டு மருந்தில் சேரும் கார்பாக்சிமெதில் செல்லுலோஸுக்கும் இதே சுருக்கம்!

ஏன் இப்படி? ஆங்கில எழுத்துகள் 26. அவற்றால் ஆகக்கூடிய மூன்றெழுத்துச் சுருக்கங்கள் 26 x 26 x 26 = 17,576 மட்டுமே. உலகிலுள்ள நிறுவனங்களோ எண்ணிலடங்கா. மேலும் கல்லூரி, கழகம், மருத்துவம், மத்திய போன்ற சொற்களே ஆங்கிலப் பெயர்களில் திரும்பத் திரும்ப வருவதால் சில எழுத்துகளில் நெரிசல் மிகுதி.

நம் இலக்கணம் இச்சிக்கலை முன்பே கண்டது. ‘மா’ என்பது பலபொருள் ஒரு சொல். “மா பூத்தது” என்றால் மரம். “மா ஓடிற்று” என்றால் குதிரை. வினைச்சொல் பொருளைக் காட்டிவிடுகிறது. ஆனால் “மா வீழ்ந்தது” என்றால்? மரமா, குதிரையா? அத்தகைய இடத்தில் சொல்பவரே இன்னதென்று விளக்கிக் கூறவேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. “என் தமக்கை சி.எம்.சி.யில் படிக்கிறாள்” என்பதும் “மா வீழ்ந்தது” போன்றதே.

இது வெறும் சொல் விளையாட்டன்று. வலி தணிக்கும் மார்பின் சல்பேட், முற்றிலும் வேறான மெக்னீசியம் சல்பேட் இரண்டையும் எம்.எஸ். எனச் சுருக்கினால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. எனவே அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 2004-இல் இதைத் தவிர்க்கவேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. மருந்தின் பெயரை முழுமையாக எழுதுவதே விதி.

ஆகவே தோழியரே, கட்டுரையோ கடிதமோ, முதன்முறை முழுப்பெயரையும் எழுதுவோம், பிறகு சுருக்குவோம். நமக்கு மிச்சமாகும் ஒரு நொடியை விட, படிப்பவர் தவறாமல் புரிந்துகொள்வதே பெரிது.

- பத்தாம் வகுப்பு மாணவி