கொல்லைக் களிமண்ணில் புல்லும் பூவும்

அன்புள்ள பேத்திக்கு,

சிகாகோவில் இருக்கும் லூரி தோட்டம் மாதிரி ஸ்ரீரங்கத்துக் கொல்லையில் ஒன்று போட முடியுமா என்று கேட்டிருந்தாய். ஐப்பசியில் கணுக்கால் புதையும் அந்த மண்ணிலா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முடியும்.

2004இல் திறந்த அந்தத் தோட்டத்துக்குச் செடிகளை வகுத்துக் கொடுத்தவர் நெதர்லாந்தின் பியட் அவுடால்ஃப். புல்லையும் பூச்செடியையும் கூட்டம் கூட்டமாகக் கலந்து நடுவது அவர் பாணி. அதை எடுத்துக்கொள், அமெரிக்கச் செடிப் பட்டியலை விட்டுவிடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஈரத்தில் நின்றே பழகிய செடிகள் நமக்கு உண்டு.

மணல் கலந்தால் மண் இளகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. களியில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். மணல் அள்ளுவது ஆற்றுக்கும் கேடு. மக்கிய சாணமும் இலைமக்கும் போட்டு ஓரடி உயர மேட்டுப்பாத்தி எடு, பக்கத்தில் வடிகால் வெட்டு. ஈரமாக இருக்கும்போது பாத்தியில் கால் வைக்காதே. திருச்சியைச் சுற்றிக் களர் நிலம் நிறைய என்பதால், நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் விசாரித்து முதலில் மண் பரிசோதனை செய்துவிடு. களர் என்று தெரிந்தால்தான் ஜிப்சம்.

பாத்தியின் முதுகெலும்பு வெட்டிவேர். தூர் கட்டி நிற்கும், ஓடிப் பரவாது; வேர் பத்தடி ஆழம்கூடப் போகும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். புரட்டாசியில் ஆற்றங்கரையை வெளுக்கும் நாணல் அழகுதான், ஆனால் வீட்டுக்குள் விட்டால் கொல்லையே அதனுடையதாகிவிடும். வடிகாலோரத்தில் கோரை, கல்வாழை, நீர்முள்ளி. நீர்முள்ளியில் முள் உண்டு, நடைபாதைக்குத் தள்ளி வை. வசீகரன் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலை உணவு. மேட்டின் உச்சியில் எருக்கும் கிலுகிலுப்பையும். எருக்கைத் தேடி வெந்தய வரியன் முட்டையிட வரும்.

இவற்றில் சில செடிகளை நேரில் பார்க்க ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூருக்குப் போ. ஆறுகளுக்கு இடையே 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சுமார் 25 ஏக்கர். தேன்செடியையும் புழு தின்னும் செடியையும் எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்.

ஆடியில் நட்டுவிடு, ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். வெட்டிவேர்த் தூர்களுக்கு இடையே இரண்டடி விடு. மாசியில் அவற்றை ஓரடி உயரத்துக்கு அறுத்து, அந்தத் தாளையே பாத்திக்கு மூடாக்காகப் போடு.

அன்புடன்,
தாத்தா